பாம்பனா, தூத்துக்குடியா? கடலுக்குத் திரும்ப நினைக்கும் ஒரு தனுஷ்கோடிக் குடும்பத்தின் கணக்கு

எங்கள் குடும்பம் கடலை விட்டு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது என் அப்பா இருபது வயது இளைஞர். தாத்தா அங்கே கருவாடு வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் மண்டி ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். உயிர் பிழைத்தவர்கள் மண்டபத்தில் சில காலம் ஒண்டிக்கொண்டிருந்துவிட்டு, தெரிந்தவர் ஒருவர் கைகாட்ட, மதுரை கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். நான் மதுரையில் பிறந்தவன். கடல் எங்கள் வீட்டில் அப்பத்தாவின் பேச்சாகத்தான் இருந்தது. காற்று திசை மாறினால் மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டிருக்கும்போதே "வாடை பிறந்துவிட்டது, இனி வடகடல் ஆகாது" என்பார். வைகையில் தண்ணீரே இல்லாத ஊரில் அதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

பணி ஓய்வுக்குப் பிறகு கடலோரத்தில் குடியிருப்பது என்று நானும் மனைவியும் முடிவு செய்துவிட்டோம். எந்தக் கடலோரம் என்பதில்தான் இன்னும் பேச்சு ஓயவில்லை. பேசிப் பேசி நான்கு ஊர்கள் மிஞ்சின: பாம்பன் தீவில் தங்கச்சிமடம், தூத்துக்குடி, மணப்பாடு, தரங்கம்பாடி. பூர்விகம் கடலோரத்தில் இருந்து, வாழ்க்கை உள்நாட்டில் கழிந்து, இப்போது திரும்பிப் போகலாமா என்று யோசிப்பவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் தனுஷ்கோடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏக்கம் தொடங்கும் இடம் அதுதான்; ஆனால் அங்கே குடியேற வழியில்லை. சென்னையிலிருந்து புறப்படும் போட் மெயில் வந்து நிற்கும் கடைசி நிலையமாக இருந்த ஊர் அது. ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, பள்ளி, தேவாலயம் எல்லாம் இருந்தன. அந்த இரவில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரும் கடலோடு போனார்கள். பிறகு அரசு அதை மனிதர் வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு பகலெல்லாம் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மாலையானால் போலீஸார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மீனவக் குடும்பங்கள் சில மட்டும் குடிசைகளில் இருக்கின்றன. மின்கம்பம் எட்டாத அந்த மணலில் ஒரு பெண் கையாலேயே பள்ளம் பறித்து, ஊறிவரும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றியதைப் பார்த்தேன். இருபுறமும் கடல், நடுவே இடுப்பளவுகூட இல்லாத பள்ளம், அதில் நல்ல தண்ணீர். அப்பத்தா சொன்னபோது நம்பாமல் இருந்த எனக்கு அதில் ஒரு வாய் கொடுத்தார். துளியும் உப்பில்லை.

அந்த மண்ணில் எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்க ஆசைதான். ஆனால் தாத்தா மண்டியில் கணக்கு எழுதியவர். நிலம் வைத்திருந்தவர் இல்லை. இன்று அங்கே இருப்பவர்கள் புயலுக்குப் பிறகும் கடலை விடாதவர்கள். அவர்கள் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் போராடிக்கொண்டிருக்கும் இடத்தில் நான் போய் ஓய்வுக்காலக் குடில் போட்டுக்கொள்வது நியாயம் ஆகாது. தனுஷ்கோடி கணக்கில் இல்லை.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கடற்கரையில் நின்று பார்க்கும்போது எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கிறது. பொங்கல் விடுமுறையிலும் மாசி மாதத்திலும் போய்ப் பார்த்துவிட்டு வீடு வாங்கியவர்கள் ஐப்பசியில் கதவைப் பூட்டிக்கொண்டு ஊர் திரும்பிய கதைகள் எனக்குத் தெரியும். ஆகவே ஒவ்வோர் ஊரையும் அதன் மோசமான மாதத்தில் வைத்துப் பார்த்தேன். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் எங்கே ஓடுவது என்று மனைவி கேட்டாள். அவளுக்கு ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ஆகவே அதைத் தள்ளிவைக்க முடியாது. மூன்றாவது என்னுடைய கேள்வி: அந்தக் கடலில் வேலை நடக்கிறதா? வலை உலர்த்துபவர்களும் ஏலம் கூறுபவர்களும் இல்லாத கடற்கரை எனக்கு வேண்டாம். அப்பத்தாவின் பேச்சில் கடல் காட்சியாக வந்ததே இல்லை. காற்றும் மீனும் கடனும் கப்பலுமாகத்தான் வந்தது.

தரங்கம்பாடியைப் பட்டியலில் சேர்த்தது நான்தான், எடுத்ததும் நான்தான். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1706-இல் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கு, 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் என்று சில தெருக்களுக்குள் இத்தனை வரலாறு அடங்கிய ஊர் தமிழகக் கடற்கரையில் வேறு இல்லை. காரைக்கால் பக்கத்தில் இருப்பதால் மருத்துவ வசதிக்கும் பெரிய குறையில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தக் கரையைத் தாக்கிய வேகத்தை மறக்க முடியவில்லை. புயலில் ஊரையே இழந்த குடும்பத்திலிருந்து வந்துகொண்டு, தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத கரையில் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. ஆபத்து எல்லாக் கரையிலும் உண்டு. அந்த நேரத்தில் கதவைத் தட்டிக் கூப்பிட ஆள் வேண்டும்.

மணப்பாட்டை விலக்குவது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. மணல் குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், கீழே வளைந்து கிடக்கும் கரை, உள்ளே புகுந்து நிற்கும் உப்பங்கழி. திருச்செந்தூரிலிருந்து அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். மாலையில் அந்தக் குன்றின் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல் சீறுவதும் மறுபக்கம் கழி அசையாமல் கிடப்பதும் ஒரே பார்வையில் தெரியும். கொழும்பு வணிகத்தில் சம்பாதித்தவர்கள் கட்டிய பெரிய வீடுகள் தெருவெங்கும் இருக்கின்றன. பல வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது, திருவிழாவுக்குத்தான் திறக்கிறார்கள். எங்கள் தாத்தா அனுப்பிய கருவாடு போன அதே கொழும்பு. அந்த வகையில் ஏதோ ஓர் உறவு தோன்றத்தான் செய்தது. ஆனால் சொந்த ஊர்க்காரர்களே திருவிழாவுக்கு மட்டும் வந்துபோகும் ஊரில் வெளியூர்க்காரன் ஆண்டு முழுவதும் எப்படி ஒட்டிக்கொள்வது என்று விளங்கவில்லை. பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அது ஊருக்கு வேலை கொண்டுவரலாம், நில விலையை ஏற்றலாம், ஏவும் நாட்களில் கடலுக்குப் போவதைக் கட்டுப்படுத்தலாம். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அந்தக் கரை எப்படி இருக்கும் என்பதை இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் வயதில் அதற்காகக் காத்திருப்பதும் சரியில்லை.

ஆக, மிஞ்சுவது தங்கச்சிமடமும் தூத்துக்குடியும்.

தூத்துக்குடி மனைவியின் தேர்வு. அவளுடைய வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். அரசு மருத்துவக் கல்லூரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் இதய சிகிச்சை கிடைக்கும். அங்கே முடியாவிட்டால் திருநெல்வேலி ஒரு மணி நேரம். சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ், வாகைக்குளத்தில் விமான நிலையம். மகன் பெங்களூரிலிருந்து வந்துபோவதற்கும் அதுதான் எளிது. திண்டுக்கல்லில் பிறந்து மதுரையில் வாழ்ந்தவளுக்குக் கடைத்தெரு, கோயில், மகள் வயதுப் பெண்கள் நடமாடும் தெரு எல்லாம் வேண்டும். மக்ரூன் வாங்கிக்கொண்டு பனிமய மாதா ஆலயத்துக்கு எதிரே நடந்தபோது, "இது ஊர். நீங்கள் சொல்வது தீவு" என்றாள்.

வேலை நடக்கும் கடல்தான் வேண்டுமென்றால், தூத்துக்குடியைவிட வேலை நடக்கும் கடல் ஏது என்றும் கேட்டாள். உண்மை. 1906-இல் வ.உ.சி. வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் கம்பெனி தொடங்கிய துறை அது. திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள் கரையேறும் நேரத்தில் போனால் சங்கு குளிப்பவர்களைப் பார்க்கலாம். உப்பளங்களில் வெள்ளை மலைகளாக உப்பு குவிந்து கிடக்கும்.

ஆனால் எனக்கு ஒரு குறை தென்பட்டது. தூத்துக்குடியில் வசதியான குடியிருப்புகள் எல்லாம் கடலிலிருந்து தள்ளித்தான் இருக்கின்றன. நாங்கள் பார்த்த வீடுகள் எட்டயபுரம் சாலைப் பக்கமும் புதிய பஸ் நிலையத்துக்கு அப்பாலும் இருந்தன. நல்ல வீடுகள், ஆனால் கடலுக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டும். இதற்கு மதுரையிலேயே இருந்துவிடலாமே என்று தோன்றிவிடுகிறது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் உப்பளங்களும் கரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு, நடந்துபோய் நிற்பதற்கான கடல் அங்கே கொஞ்சம்தான்.

மழையையும் மறக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தூத்துக்குடி நகரத்தில் பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. நகரமாக இருப்பது புயலுக்குத்தான் காப்பு; தாழ்ந்த தெருவில் தேங்கும் தண்ணீருக்கு இல்லை. அங்கே வீடு பார்ப்பவர்கள் அந்த ஆண்டு எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று வீட்டுக்காரரைக் கேட்காமல், பக்கத்து வீட்டாரைக் கேட்க வேண்டும். சுவரில் கறை இருந்தால் புதுச் சுண்ணாம்புக்கு அடியிலும் தெரியும்.

தங்கச்சிமடம் என் தேர்வு. அதை மறைக்கவில்லை. ஆகவே அதன் குறைகளை முதலில் சொல்கிறேன்.

மாவட்ட மருத்துவக் கல்லூரி ராமநாதபுரத்தில் இருக்கிறது. பாலத்தைக் கடந்து ஒரு மணி நேரமாவது ஆகும். மதுரை என்றால் மூன்று மணி நேரம். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம் போகும் வண்டிகளால் சாலை நிரம்பிவிடும். சாதாரண விடுமுறை நாளிலேயே பாலத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பவர்கள் உண்டு. ஆம்புலன்ஸ் அந்த நெரிசலில் சிக்கினால் என்ன ஆகும் என்று மனைவி கேட்கும்போது என்னிடம் நல்ல பதில் இல்லை. காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய செய்தியை நாம் மதுரையில் உட்கார்ந்து படிப்பது வேறு. அங்கே வீட்டுக்குள் இருந்து அந்தக் காற்றைக் கேட்பது வேறு.

அடுத்தது துரு. உலகிலேயே உப்புக்காற்று அதிகம் அரிக்கும் இடங்களில் பாம்பன் ஒன்று. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தை அந்தத் துருவிலிருந்து காப்பாற்றத் தலைமுறை தலைமுறையாக வண்ணம் பூசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கும் அதே பாடம்தான். அங்கே எங்கள் சின்னத்தாத்தா வகைப் பேரன் ஒருவன் வீட்டு ஜன்னல் கம்பியை விரலால் தொட்டேன். வண்ணம் உரிந்து, அடியில் இரும்பு தகடு தகடாகக் கையோடு வந்தது. வீடு கட்டிப் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. கூரையில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியும் வீடுகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். வாடகைக்குப் பார்த்தாலும் விலைக்குப் பார்த்தாலும் முதலில் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள்.

இவ்வளவையும் மீறி அந்தத் தீவு என்னை இழுப்பதற்குக் காரணம் பூர்விகம் மட்டும் இல்லை. அங்கே கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர் வழக்கில் பெண்கடல், ஆண்கடல். வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளித்தால் தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் அது தலைகீழாகும். அப்பத்தா மொட்டை மாடியில் சொன்னது இதைத்தான். மீனவர்கள் காற்றைப் பார்த்து ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறிக்கொள்கிறார்கள். ஒரு கடல் மூடியிருக்கும்போது நடந்தே இன்னொரு கடலுக்குப் போகலாம் என்பது மற்ற மூன்று ஊர்களிலும் கிடைக்காத வசதி. மோசமான மாதம் என்று நான் வைத்த சோதனையில் தீவு இப்படித்தான் பாதி தேறுகிறது.

பாம்பன் சின்னப்பாலத்தில் காலையில் பாசி எடுக்கப் புறப்படும் பெண்களைப் பார்த்தேன். விரல்களில் பழைய துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கடலடியில் இருக்கும் பார், அதாவது பாறை, விரலை அறுத்துவிடும் என்பதற்காக. சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை. என் அம்மா வயதுள்ள ஒருவரும் அவர்களில் இருந்தார். கட்டி முடித்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் படகில் ஏறினார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போதும் நாட்டுப்படகுக்காரர்கள் கடலுக்குப் போய்வருகிறார்கள். அந்தக் கரை முழுதாக உறங்கும் நாளே இல்லை.

தங்கச்சிமடத்தின் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரை மல்லி என்று நாம் கொண்டாடுகிறோமே, அந்தக் கொடிகளுக்கான நாற்று பெரும்பாலும் இந்தத் தீவின் மணலில்தான் வேர்பிடிக்கிறது. மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் இருப்பதால்தான் இது முடிகிறது. திண்டுக்கல்காரியான என் மனைவி தூத்துக்குடியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள், அந்த நாற்றங்கால் வரப்பில் மட்டும் வெகுநேரம் நின்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. ஆனாலும் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே எங்களை விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். புயலுக்குப் பிறகு மதுரைக்கு வராமல் தீவிலேயே தங்கிவிட்ட வகையறா. அந்தப் பேரன் என்னைப் "பெரியப்பா" என்று கூப்பிட்டான். எந்த வழியில் பெரியப்பா என்று எங்கள் இருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதன் பிறகு எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் நிற்கும், எந்தக் கிணறு கோடையில் உவர்க்கும், எந்த மனையில் வில்லங்கம் என்பதையெல்லாம் அவனே சொல்லிவிட்டான். பூர்விகத்தால் நமக்கு நிலம் கிடைக்காது; இந்த மாதிரி உண்மை கிடைக்கும். வெளியூர்க்காரன் தரகரிடம் பணம் கொடுத்தாலும் இது கிடைக்காது. தூத்துக்குடியில் எங்களுக்கு இப்படி ஒருவரும் இல்லை.

வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை; வாடகைதான். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991-இல் வந்து, 2011-லும் 2019-லும் மாறியிருக்கின்றன. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை அந்த விதிகள் எட்டும். கரையை ஒட்டிய பகுதியில் புதிதாகக் கட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. மரபாக அங்கேயே வாழும் மீனவர்களின் வீடுகளுக்குத் தளர்வுகள் உண்டு. கணக்குப்பிள்ளையின் பேரனுக்கு அது பொருந்தாது, பொருந்தவும் கூடாது. "கடல் பார்த்த மனை" என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்தால் மட்டும் போதாது. அந்தப் புல எண் கடலோர மண்டல வரைபடத்தில் எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக ஒரு மனையில் போட்டுவிட்டு அனுமதிக்கு அலைவதற்கு எங்களுக்கு வயதில்லை.

மனைவியின் கேள்விக்கு நான் கண்டுபிடித்த வழி இது. அவளுடைய இதய மருத்துவர் மதுரையிலேயே தொடர்வார். மதுரை வீட்டை விற்கப் போவதில்லை. பரிசோதனை நெருங்கும் வாரங்களிலும் பெரிய அமாவாசைகளை ஒட்டிய நாட்களிலும் மதுரையில் இருப்போம். புயல் எச்சரிக்கை வந்தால் கூண்டு எண் ஏறுவதற்கு முன்பே பாலத்தைத் தாண்டிவிடுவோம். ராமநாதபுரத்தில் அவளுடைய மருத்துவ அறிக்கைகளை முன்கூட்டியே ஒரு மருத்துவரிடம் காட்டி வைப்போம். மருத்துவர் இவ்வளவு தூரம் கூடாது என்று சொல்லிவிட்டால் தூத்துக்குடிதான். அதில் மறுபேச்சு கிடையாது. அப்போது திரேஸ்புரத்துக்கு நடந்துபோகும் தொலைவில் வீடு கிடைக்கிறதா என்று பார்ப்போம்; எட்டயபுரம் சாலை வேண்டாம் என்பதை மட்டும் அவளிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறேன்.

மருத்துவர் சம்மதித்தால் ஐப்பசி பிறக்கும்போது தங்கச்சிமடத்தில் குடியேறுவோம். மழையும் வாடையும் ஓய்ந்த தையில் போகச் சொல்லித்தான் எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். நாங்கள் வேண்டுமென்றே மழைக்கு முன்பாகப் போகிறோம். பதினொரு மாத ஒப்பந்தம், கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. தரைத்தளத்தில் கொஞ்சம் மேடான வீடு, இரும்புக் கம்பி இல்லாத மர ஜன்னல், கோடையிலும் உவர்க்காத கிணறு, பெரிய சாலையிலிருந்து ஆம்புலன்ஸ் திரும்பி வரும் அளவுக்கு அகலமான தெரு. இந்த நான்கும் இருக்கும் வீடு ஒன்றைப் பார்த்துவைக்கும்படி அந்தப் பேரனிடம் சொல்லியிருக்கிறோம். இரண்டு வீடுகள் இருப்பதாகச் சொல்கிறான். ஒன்றில் கிணறு சரியில்லையாம், இன்னொன்றுக்கு அட்வான்ஸ் அதிகம் கேட்கிறார்களாம்.